ஆளில்லாமலா நின்றது தரங்கம்பாடி ரயில்?

"ஏற ஆளில்லை, நட்டம், அதனால் நிறுத்தினார்கள்." மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயிலைப் பற்றி எந்த மேடையில் யார் பேசினாலும் இதே பேச்சுதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

1926-இல் வந்து 1986-இல் நின்ற பாதை அது. நீளம் 30 கிலோமீட்டர் அளவுதான். மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று வழிநெடுக ஊர்கள். 60 வருஷம் அத்தனை ஊருக்கும் ஓடிய வண்டியில் ஆளே இல்லையா?

பஸ் வந்ததும் சனம் மாறிவிட்டதாம். பஸ் வந்த ஊரிலெல்லாம் ரயில் நின்றுவிட்டதா என்ன?

நட்டக் கணக்குக்கு வருவோம். தரங்கம்பாடியில் ஏறி, மயிலாடுதுறையில் வண்டி மாறிச் சென்னை போகிறவர் பெருந்தொகை கொடுப்பது மெயின் லைன் பயணத்துக்கு. அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தது கிளைப்பாதை. அதை மட்டும் தனியே பிரித்துக் கணக்குப் பார்த்தால் எந்தக் கிளைப்பாதைதான் லாபம் காட்டும்?

ஆளில்லை என்பவர்கள் ஒரு முகூர்த்த நாளில் திருக்கடையூருக்கு வந்து பார்க்கட்டும். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கும் ஊர் அது. எண்பது முடிந்த பெரியவர் ஒருவரை, கலச நீர் ஊற்றிய ஈர வேட்டியோடு, கழுத்து மாலையோடு, மகன் இடுப்பைப் பிடித்து வேனில் தூக்கி ஏற்றியதைப் பார்த்தேன். படியில் கால் வைக்க முடியாமல் அவர் மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தார். வருகிறவர்களில் பாதிப்பேர் முழங்கால் வலிக்காரர்கள். ரயில் யாருக்குத் தேவை என்று இதற்கு மேலும் கேட்பீர்களா?

மன்னார்குடி ரயிலுக்கும் இதே 'ஆளில்லை, நட்டம்' தீர்ப்பைத்தான் எழுதினார்கள். நீடாமங்கலத்திலிருந்து வெறும் 14 கிலோமீட்டர். 1976-இல் மூடிய அந்தப் பாதையை 2011-இல் திறந்தார்கள். இன்று அங்கிருந்து சென்னைக்கு மன்னை எக்ஸ்பிரஸ், கோவைக்குச் செம்மொழி எக்ஸ்பிரஸ், திருப்பதிக்குப் பாமணி எக்ஸ்பிரஸ். ஆளில்லாத ஊருக்கா இத்தனை வண்டி? தண்டவாளம் போட்டதும் சனம் வந்தது.

மன்னார்குடி 35 வருஷம் காத்திருந்தது. தரங்கம்பாடிக்கு அந்த 35 வருஷம் 2021-லேயே முடிந்துவிட்டது.