மாமனார் ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார்?

சகோதரிகளே, கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் எத்தனையோ குறிப்புகள் படிக்கிறோம். இந்தத் தடவை வீட்டுப் பெரியவர்களைப் பற்றி எழுதுகிறேன். ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு வரும் தொந்தரவு இது. அவர்களாக வாய் திறக்க மாட்டார்கள். வீட்டுப் பெண்களாகிய நாம்தான் கவனிக்க வேண்டும்.

சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றினாற்போல் ஆண்களுக்கு ஒரு சுரப்பி உண்டு. பெயர் புராஸ்டேட். வாலிபத்தில் முழு நெல்லிக்காய் அளவு, சுமார் 20 கிராம்தான். வயது ஏற ஏறப் பெரிதாகிறது. அறுபது வயதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வீக்கம் இருக்கும். வீங்கிய சுரப்பி நடுவில் ஓடும் குழாயை நெருக்குவதால் சிறுநீர் சரியாக இறங்குவதில்லை. இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுபோல இருக்கலாம் என்பதால் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ராத்திரியில் மூன்று நான்கு தடவை எழுந்திருப்பது, உட்கார்ந்தும் வெகுநேரம் வராமல் இருப்பது, மெலிசாக, விட்டு விட்டு வருவது, போய் வந்த பிறகும் மீதி இருக்கிற மாதிரி தோன்றுவது — இவைதான் அடையாளங்கள்.

எங்கள் திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் பல வீடுகளில் கக்கூஸ் பின்கட்டில், நாலு குடித்தனத்துக்குப் பொதுவாக இருக்கும். இருட்டில் தட்டுத் தடுமாறிப் போக பயந்து பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்து விடுகிறார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், "நீங்க போய்ட்டு வாங்க" என்கிறார்கள். கோபக்காரர் என்று நாம் நினைக்கிறோம். பஸ்ஸில் அடக்க முடியாதே என்பதுதான் அவர் கவலை.

என் மாமனார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 72. போன மார்கழியில் ஜலதோஷத்துக்கு மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போட்டார். அன்று ராத்திரி ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. அடிவயிறு பானைபோல் உப்பி, மனிதர் துடித்துப் போனார்.

"சூடு பிடிச்சிருக்கு, பார்லித் தண்ணி காய்ச்சும்மா" என்றார் அத்தை.

"வேணாம் அத்தை. வெளியே போக வழியில்லாதப்ப மேலே மேலே ஊத்தினா வலிதான் ஜாஸ்தியாகும்" என்று சொல்லி, ஆட்டோ பிடித்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ரப்பர் குழாய் செருகி சிறுநீரை வெளியேற்றிய பிறகுதான் அவர் முகத்தில் உயிர் வந்தது. சில ஜலதோஷ மாத்திரைகளில் உள்ள மருந்து சிறுநீர்ப் பையின் வாயை இறுக்கிவிடுமாம். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அவற்றைப் போடவே கூடாது.

வைத்தியம் பயப்படும்படி இல்லை. சிறுநீர், ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன். பிறகு மாத்திரை. தசையைத் தளர்த்தும் மாத்திரை சில நாளிலேயே பலன் தரும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம், அதனால் மெதுவாக எழ வேண்டும். சுரப்பியைச் சுருக்கும் மாத்திரைக்கு ஆறு மாதம்கூட ஆகும். நடுவில் நிறுத்தக் கூடாது. இவற்றுக்குக் கேட்காவிட்டால், வெளியே கத்தி படாமல் சிறுநீர்த் துவாரம் வழியாகவே செய்யும் ஆபரேஷன் இருக்கிறது. 1938-ல் மருத்துவக் கல்லூரியான ஸ்டான்லியில் இதற்கென்றே சிறுநீரகவியல் பிரிவு உண்டு.

வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. 2024 ஜனவரியில் இங்கிலாந்து மன்னர் சார்லஸ், 75 வயதில், தனக்கு இந்த வீக்கம் இருப்பதாக உலகறியச் சொல்லி சிகிச்சை எடுத்துக்கொண்டார். மற்ற ஆண்களும் தைரியமாக டாக்டரிடம் போகட்டும் என்பதற்காகத்தான்.

நாம் செய்யக்கூடியவை:

பகலில் தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள். ராத்திரி ஏழு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம்.

போய் முடித்ததும் ஒரு நிமிஷம் பொறுத்து, மறுபடி முயற்சி செய்யச் சொல்லுங்கள்.

மலச்சிக்கல் தொந்தரவைக் கூட்டும். கீரை, வாழைத்தண்டு அடிக்கடி சமையுங்கள்.

நடைவழியில் சின்ன விளக்கு எரியட்டும். கட்டிலருகே மூடியுள்ள ஒரு பாத்திரம் வையுங்கள்.

அடியோடு நின்றுபோனாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, குளிர்ஜுரம் கண்டாலோ கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாமனாரிடம் நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் வீட்டுக்காரரைக் கேட்கச் சொல்லுங்கள். அப்படியே, வீட்டுக்காரருக்கும் ஐம்பது ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்!