மணிக்கணக்கை மறைப்பது ஏன்?

“இத்தனை மணிநேரம் வேண்டும் என்று நாங்கள் சொல்வதில்லை. விண்ணப்பதாரரை முழுமையாகப் பார்க்கிறோம்.” அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சேர்க்கை அலுவலகங்களைக் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். கேட்க இதமாக இருக்கிறது. பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்குப் பொதுவான ஏம்காஸ் விண்ணப்பத்தைத் திறந்து பாருங்கள். 15 அனுபவங்கள் வரை எழுதலாம். ஒவ்வொன்றையும் 700 எழுத்துக்குள் அடக்க வேண்டும். பக்கத்திலேயே மணிநேரப் பெட்டி. இதுவரை முடித்த மணி தனி, இனிமேல் செய்யப்போகும் மணி தனி. மணி முக்கியமில்லை என்றால் பெட்டி எதற்கு? எவ்வளவு என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டோம், ஆனால் எண்ணிக்கொள்வோம் என்னும் இந்த நடத்தையை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இதனால் விளைந்ததுதான் ‘கேப் இயர்’. கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு மருத்துவம் சேர்கிறவர்கள் இன்று சிறுபான்மை. புதிதாகச் சேரும் மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இடையில் ஓராண்டாவது இடைவெளி விட்டு வருகிறார்கள். ஜூன் மாதம் விண்ணப்பித்தால் வகுப்பு தொடங்குவது அடுத்த ஆண்டு ஜூலையிலோ ஆகஸ்டிலோ. அந்த இடைக்காலத்தில் என்ன வேலை செய்தாய் என்பது, பாடத்திட்டமே அறிவிக்காத ஒரு தேர்வாக மாறிவிட்டது.

என்ன வேலைதான் செய்வது? முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சி.என்.ஏ.வாக, அதாவது சான்று பெற்ற செவிலிய உதவியாளராக, சேரலாம். மத்தியச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பயிற்சி 75 மணிநேரம், கலிஃபோர்னியாவில் 160. இரவு ஏழு மணிக்கு வேலைக்கு வரும் பெண், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் முதுகடியில் புண் வைத்துவிடும். நடக்கக் கூடியவர்களை எழுப்பி நிறுத்துமுன் இடுப்பில் பட்டை கட்டி, அதைப் பிடித்துக்கொண்டே நடத்த வேண்டும். சிறுநீரை அளந்து குறிக்க வேண்டும். விடிகாலை நாலு மணிக்கு “அம்மா எங்கே?” என்று அழும் தொண்ணூறு வயதுக்காரருக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டும். மருத்துவர் ஆகப்போகிறவர் கற்க வேண்டியது இதைவிட வேறென்ன இருக்கிறது?

அல்லது ஸ்கிரைப் வேலை. மருத்துவரும் நோயாளியும் பேசப் பேச, மூலையில் சக்கர மேசையோடு நின்று குறிப்பைத் தட்டுகிறவர். 2009-இல் வந்த சட்டம் மின்னணு மருத்துவப் பதிவேடுகளுக்கு அரசுப் பணத்தைக் கொட்டியபின், மருத்துவர்கள் நோயாளியின் முகத்தை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தச் சுமையைக் குறைந்த கூலிக்கு வாங்கிக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. மருத்துவக் கல்லூரி வாசலில் காத்துக் கிடக்கும் பிள்ளைகளைவிட வாகான ஆள் எங்கே கிடைப்பார்கள்? பல ஊர்களில் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவருக்குக் கிடைப்பதைவிடக் குறைந்த கூலிக்கு, ஓராண்டாவது இருப்பேன் என்று எழுதியும் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். (உரையாடலைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் மென்பொருள் வந்துவிட்டது, அந்த வாசலும் குறுகிக்கொண்டிருக்கிறது.) மத்தியக் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கும் நாட்டில், ‘அனுபவம் கிடைக்கிறதே’ என்ற சொல்லைக் கூலியின் ஒரு பகுதியாகவே கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

இனிச் செலவுக் கணக்கைப் பார்ப்போம். மே மாதம் பட்டம் வாங்கியவருக்கு மத்தியக் கல்விக் கடனைத் திருப்பிக் கட்ட ஆறு மாத அவகாசம். நவம்பரில் தவணை வந்து கதவைத் தட்டும். எம்கேட் என்னும் நுழைவுத் தேர்வுக்கு 300 டாலருக்கு மேல். விண்ணப்பத்தில் முதல் கல்லூரிக்கு 170 டாலருக்கு மேல், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 40 டாலருக்கு மேல். பிறகு கல்லூரிகள் தனித்தனியே கேட்கும் இரண்டாம் விண்ணப்பத்துக்கு வேறு கட்டணம். பதினைந்து, இருபது கல்லூரிகளுக்கு அனுப்புவது சாதாரணம். வறியவர்க்குக் கட்டணச் சலுகைத் திட்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. வாடகைக்கும் கடன் தவணைக்கும் சலுகை தருவது யார்?

அப்பா வாடகை கட்டுகிற வீட்டுப் பிள்ளை, ஆய்வகத்தில் சம்பளமில்லாமல் ஓராண்டு இருந்து கட்டுரையில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம். பணம் கட்டி இரண்டு வாரம் வெளிநாட்டு மருத்துவ முகாமுக்கும் போய்வரலாம். மளிகைக் கடை கல்லாவில் வாரம் நாற்பது மணி நின்று தம்பி தங்கையைக் காப்பாற்றிய பிள்ளைக்கோ, அந்த மணிகள் ‘மருத்துவம் சாராத வேலை’ என்ற இனத்தில் போய் விழுகின்றன. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமே வெளியிட்ட கணக்கின்படி, மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர், நாட்டின் குடும்பங்களை வருமானப்படி ஐந்தாகப் பிரித்தால் மேலிரண்டு பிரிவுகளிலிருந்து வருகிறவர்கள். முப்பதாண்டாக இந்த நிலை பெரிதாக அசையவில்லை. தரத்தை உயர்த்துகிறோம் என்று சொல்லிக் கதவைச் சாத்துவது இந்தத் துறைக்குப் புதிதுமல்ல. 1910-இல் மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை வந்தபின் கறுப்பினத்தவருக்கான ஏழு மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டன; ஹோவர்டும் மெஹாரியும்தான் மிஞ்சின.

அமெரிக்காவில் வாழும் நம்மவர் வீடுகளில் இதன் இன்னொரு முகம் உண்டு. ஹெச்-1பி வேலை விசாவில் வந்த பெற்றோரோடு மூன்று வயதில் வந்து, இங்கேயே பள்ளி முடித்து, ஹெச்-4 சார்ந்தோர் விசாவில் இருக்கும் பிள்ளை ஒரு மணிநேரம்கூடச் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. 21 வயதில் அந்த விசாவும் தீர்ந்துவிடும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால், பட்டத்துக்குப் பிறகு ஓ.பி.டி. என்னும் பயிற்சி வேலை அனுமதியில் முதலில் ஓராண்டு, அதுவும் படித்த பாடத்தோடு தொடர்புள்ள வேலை மட்டும். பச்சை அட்டையோ குடியுரிமையோ இல்லாதவரைச் சேர்க்காத கல்லூரிகள் ஏராளம். சேர்க்கிற சிலவும் மணிக்கணக்கைப் பார்க்கின்றன. வேலை செய்யச் சட்டம் விடாத பிள்ளையிடம் வேலைக் கணக்கைக் கேட்பது என்ன நியாயம்?

கண்டனம் வெளியாரோடு நின்றுவிட்டால் நாம் யோக்கியர்கள் அல்ல. “டாக்டராகப் போற பொண்ணு, கிழவிங்களுக்குக் கால் கழுவிவிடணுமா?” என்று சி.என்.ஏ. வேலையை முகம் சுளித்துத் தள்ளிவிட்டு, ஸ்கிரப்ஸ் மாட்டிய ஸ்கிரைப் வேலைக்குப் பரிந்துரை தேடும் பெற்றோர் நம்மிடையே உண்டு. கோயில் விழாவில் பந்தியில் உட்கார்ந்தபடியே ‘அங்கிள் கிளினிக்கில் ஷேடோயிங்’ (மருத்துவரின் பணியைக் கூடவே நின்று பார்ப்பது) ஏற்பாடாகிவிடுகிறது. அந்த அங்கிளின் கிளினிக்கைச் சுத்தம் செய்கிறவரின் மகளும் பயாலஜிதான் படிக்கிறாள். அவளை யாரும் அழைப்பதில்லை. மருத்துவராக இருக்கும் நம் வாசகர்களை நேரடியாகவே கேட்கிறோம்: போன வருடம் உங்கள் அறையின் மூலையில் நின்றவர்களில் எத்தனை பேர் உங்கள் நண்பர் வீட்டுப் பிள்ளைகள்? அந்த இடங்களில் பாதியையாவது பக்கத்துச் சமுதாயக் கல்லூரிக்கு எழுதிக் கொடுங்கள்.

ஓராண்டு வேலை பார்ப்பதே வீண் என்று நாம் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதில் நோயாளியின் மலஜலம் எடுத்த கை, பிற்காலத்தில் மருந்துச் சீட்டு எழுதும்போது வேறுமாதிரிதான் எழுதும். ஆண்டுதோறும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்து 23,000 பேர் அளவில் சேரும் போட்டியில், அந்தக் கையின் விலையைக் கூறாமல் மறைப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

வெளியிட முடியாது என்ற சாக்கும் செல்லாது. யூட்டா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி ஒரு காலத்தில், சேவைக்கு இத்தனை மணி, ஷேடோயிங்குக்கு இத்தனை மணி குறைந்தபட்சம், சராசரி இவ்வளவு என்று தன் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தது. வானம் இடிந்து விழவில்லை. ஆகவே, ஒவ்வொரு கல்லூரியும் கடந்த ஆண்டு சேர்த்த மாணவர்களின் மணிக்கணக்கை, சம்பள வேலை எவ்வளவு, சம்பளமில்லாதது எவ்வளவு என்று பிரித்து, கட்டணமில்லாமல் வெளியிட வேண்டும். குடும்பத்தைக் காப்பாற்றச் செய்த வேலை எதுவானாலும் அதை மருத்துவமனைத் தொண்டுக்கு ஈடாக எடைபோட வேண்டும். அப்படி எடைபோடுகிறோம் என்று எழுத்தில் தர வேண்டும். வேலை செய்ய அனுமதியில்லாதவர் அதைக் குறிப்பிடப் படிவத்தில் தனியிடம் வேண்டும். செய்யாத வேலைக்கு முன்கூட்டியே மணி எழுதவைக்கும் பெட்டியை நீக்க வேண்டும்.

படிவம் அடுத்த மே மாதம் மறுபடி திறக்கும். அதற்குள் இவற்றைச் செய்ய மனமில்லாத கல்லூரி, ‘முழுமையாகப் பார்க்கிறோம்’ என்ற வாசகத்தையாவது தன் பக்கத்திலிருந்து எடுத்துவிடட்டும்.