கேட்பதும் இசைவதும்

அண்ணனைக் கேட்டுவிட்டு நிலத்தை விற்பது வேறு. அண்ணன் சம்மதித்தால்தான் விற்பது என்பது வேறு. ஆங்கிலச் சட்ட மொழியில் முதலாவது ‘கன்சல்டேஷன்’, இரண்டாவது ‘கன்கரன்ஸ்’. நம் உயர் நீதித் துறையின் நியமனச் சிக்கல் முழுவதும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நியமிக்கும்போது, குடியரசுத் தலைவர் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது அரசமைப்பின் 124ஆவது கூறு. 1949 மே 24 அன்று அரசமைப்பு அவையில் இது விவாதத்துக்கு வந்தது. ஆலோசனை போதாது, தலைமை நீதிபதியின் இசைவே வேண்டும் என்று மதராஸ் உறுப்பினர் மெஹபூப் அலி பெய்க் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. தலைமை நீதிபதியும் குறைகளுள்ள மனிதர்தான். குடியரசுத் தலைவருக்கோ அரசுக்கோ கொடுக்காத தடையதிகாரத்தை அவரிடம் ஒப்படைப்பது ஆபத்து என்றார். ஆக, இசைவு என்ற சொல் அவையின் முன் வைக்கப்பட்டு, தெரிந்தே விலக்கப்பட்டது. ஜம்மு காஷ்மீருக்கான 370ஆவது கூறிலோ, 2019இல் அது மாற்றப்படும் வரை, இரண்டு சொற்களுமே அடுத்தடுத்து இருந்தன. எது எங்கே வர வேண்டும் என்பதில் அவைக்குக் குழப்பமே இல்லை.

1981இல் எஸ்.பி. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றியது. 1993இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை அதை மாற்றியது. தலைமை நீதிபதியின் கருத்துக்கு மாறாக நியமனமே கூடாது என்றது. ஆலோசனை என்ற சொல் அப்படியே நிற்க, இசைவின் பொருள் அதற்குள் குடியேறியது. நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் பிறந்தது அப்படித்தான்.

அரசின் தலையீடு குறித்த நீதிபதிகளின் அச்சம் நியாயமானது. 1973இல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டார். நெருக்கடி நிலைக் காலத்தில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் கூட்டமாக இடமாற்றப்பட்டார்கள். ஆனால், அப்போது தலைமை நீதிபதியாக இருந்தவரும் அதே ரேதான். தலைமை நீதிபதியின் இசைவு கட்டாயம் என்று சட்டத்தில் எழுதியிருந்தாலும், அது எவ்வளவு தூரம் காப்பாற்றியிருக்கும்? அம்பேத்கரின் எச்சரிக்கையை இதைவிடத் தெளிவாக விளக்கும் நிகழ்வு இல்லை. 1998இல் தலைமை நீதிபதியோடு மூத்த நீதிபதிகள் நால்வரைச் சேர்த்தது ஒருவரையே நம்பியிருக்கும் இக்குறையைக் கொஞ்சம் தணித்தது, அவ்வளவே.

நீதித் துறையின் சுதந்திரம் எனக்கும் உயிரானது. அதற்காகவே, தீர்ப்பால் சொல்லின் பொருளை மாற்றும் இந்த வழியை ஏற்க முடியவில்லை. கொலீஜியம் என்ற சொல்லே அரசமைப்பில் கிடையாது. கொலீஜியம் மீண்டும் வலியுறுத்தும் பெயரை அரசு ஏற்றாக வேண்டும் என்ற விதியும் தீர்ப்புகளில்தான் இருக்கிறது. எத்தனை நாளுக்குள் என்று அரசமைப்பு எதுவும் சொல்லாததால், பிடிக்காத கோப்பைக் கிடப்பில் போட அரசுக்கு வசதியாகிவிடுகிறது. கொலீஜியத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் கொண்டுவந்த தேசிய நீதித் துறை நியமன ஆணையத்தை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்த பிறகு, இன்னொரு திருத்தத்தை நாடாளுமன்றமும் நிறைவேற்றவில்லை.

யாருடைய இசைவு கட்டாயம், யாரைக் கேட்டால் போதும், எத்தனை நாளில் முடிவு என்பதை 124ஆவது கூறிலும், உயர் நீதிமன்ற நீதிபதிகளின் நியமனத்துக்கான 217ஆவது கூறிலுமே வெளிப்படையாக எழுத வேண்டும். அந்த விவாதம் நாடாளுமன்றத்தில், மக்கள் பார்க்க நடக்க வேண்டும்.