வேலையும் செய்து காசும் கொடுப்பதா?

குறுவைக்கு நாற்று விடுகிற சமயம். பக்கத்து வீட்டுப் பெண் கொல்லைப்புறமாக வந்து, "அக்கா, மூணு மா நிலத்தை ஒத்தி வைக்கலாம்னு இருக்கோம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். அவர்கள் வீட்டு உலை அரிசியே அதிலிருந்துதான்.

விஷயம் இதுதான். தஞ்சாவூரில் கேட்டரிங் படிக்கிற மகனுக்கு மலேசியாவில் ஆறு மாத ஓட்டல் பயிற்சி வாங்கித் தருவதாக ஓர் ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார். கட்டணம் இரண்டரை லட்சம். "கூடப் படிக்கிறதுகள் ரெண்டு பேர் கட்டிட்டாங்கக்கா. நம்ம பிள்ளை மட்டும் பின்தங்கலாமா?"

"அங்கே என்ன வேலை?"

"காய் நறுக்கறது, ரூம் சுத்தம் பண்றது, பரிமாறறது."

"சம்பளம்?"

"பயிற்சிதானே, கிடையாதாம்."

பார்த்தீர்களா சகோதரிகளே! நடவுக்கு வருகிறவளிடம், 'நடக் கற்றுத் தருகிறேன், நீ காசு கொடு' என்று நாம் கேட்போமா?

நம் நாட்டில் 1961-ம் வருடத்துத் தொழிற்பழகுநர் சட்டப்படி, பழகுநருக்கு நிறுவனம்தான் மாதாமாதம் உதவித்தொகை தர வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் 1983-ம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் கேட்கக்கூடிய கட்டணமும் 30,000 ரூபாய், அதன்மேல் வரி, அவ்வளவுதான். 'வேலை' என்பதைப் 'பயிற்சி' என்று பெயர் மாற்றி இந்த வேலியைத் தாண்டப் பார்க்கிறவர்கள் உண்டு.

கும்பகோணத்து ராமானுஜன் 1914-ல் கேம்பிரிட்ஜ் போனது நிலத்தை அடகு வைத்தா? சென்னைப் பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுண்டு உதவித்தொகை தந்தது. 2024-ல் 'நான் முதல்வன்' திட்டத்தில் 25 மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்குப் போனதும் அரசு செலவில்தான். திறமைக்கு வாய்ப்பு என்றால் அது நியாயம். ஒத்தி வைக்க நிலம் உள்ளவனுக்கு மட்டும் என்றால், அதே வகுப்பில் படிக்கிற கூலிக்காரர் பிள்ளை என்ன செய்வான்?

பணம் கட்டுமுன் இவற்றை எழுத்தில் கேளுங்கள்:

* எந்த ஓட்டல்? அந்த ஓட்டலே தந்த கடிதம் எங்கே?
* எந்த விசா? சுற்றுலா விசா என்றால் வேண்டவே வேண்டாம்.
* தினம் எத்தனை மணி வேலை? கைக்கு என்ன கிடைக்கும்?
* தங்குமிடம், மருத்துவக் காப்பீடு, திரும்பி வர டிக்கெட் யார் பொறுப்பு?
* ஏஜெண்டின் பதிவு எண் என்ன? அரசின் 'இமைக்ரேட்' இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

அவளும் கேட்டாள். ஓட்டல் பெயரை மட்டும் கடைசிவரை ஏஜெண்ட் சொல்லவில்லை. பிள்ளை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இப்போது உள்ளூர் ஓட்டலிலேயே பயிற்சி. மதியச் சாப்பாடும் மாதம் கொஞ்சம் பணமும் தருகிறார்கள்.

மூன்று மாவிலும் நடவு முடிந்துவிட்டது.