பிளவுண்ட பந்தயம் ஒன்றான ஆண்டு

விளையாட்டுலகின் வெற்றி தோல்விகளைப் பற்றி எழுதுவோர் பலர். வீரர்கள் களத்தில் இறங்குமுன், விளையாட்டை நடத்துவோர் மேசையைச் சுற்றி அமர்ந்து புரியும் போட்டியைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு விளையாட்டின் வாழ்வும் தாழ்வும் பெரும்பாலும் அந்த மேசையிலேயே முடிவாகின்றன. இவ்வாரம் நேயர்களுக்கு அத்தகைய கதையொன்றைக் கூற விழைகின்றோம். 1965ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில் நடைபெற்ற ‘ஸ்பீட்வே’ என்னும் மோட்டார் சைக்கிள் லீக் பந்தயத்தின் கதை அது.

முதலில் இப்பந்தயம் எத்தகையது என்பதை அறிதல் நலம். முட்டை வடிவான மண் ஓடுபாதையிலே நான்கு வீரர்கள் ஒரே வரிசையில் நிற்பர். எதிரே குறுக்காகக் கட்டப்பட்ட நாடா மேலெழுந்தவுடன் நால்வரும் பாய்வர். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலே நான்கு சுற்றுக்கள். ஏறக்குறைய ஒரு நிமிட நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். வண்டியோ 500 கன சென்றிமீற்றர் எஞ்சினைக் கொண்டது. அதற்கு ஊட்டப்படுவது பெற்றோல் அன்று, மெதனோல். கியர் ஒன்றே ஒன்று. எல்லாவற்றிலும் வியப்புக்குரியது, அவ்வண்டிக்குப் பிறேக் என்பதே இல்லை! வளைவுகளில் பின்சக்கரம் மண்ணை வாரி இறைத்தபடி வெளிப்புறமாக வழுக்கிச் செல்ல, இரும்புத் தகடு பூட்டிய இடது காலை நிலத்தில் உரசியவாறு வீரன் வண்டியைத் திருப்புவான். பார்ப்போர் நெஞ்சு பதைக்கும். ஓட்டுவோன் கையோ நடுங்குதல் ஆகாது.

1920களில் அவுஸ்திரேலியாவில் செழித்த இப்பந்தயம் 1928இல் இங்கிலாந்துக்கு வந்தது. மறு ஆண்டிலேயே லீக் போட்டிகள் தொடங்கின. இரண்டாவது உலகப் போருக்குப் பின் சில ஆண்டுகள் ஜனங்கள் வெள்ளமெனத் திரண்டனர். அதன்பின் வந்தது இறங்குமுகம். கேளிக்கை வரி ஒருபுறம் வருமானத்தை விழுங்கியது. வீட்டுக்கு வீடு நுழைந்த ரெலிவிஷன் மறுபுறம் பார்வையாளரைக் கவர்ந்துகொண்டது. களங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இலண்டனின் கிழக்குப் பகுதியில் புகழோடு விளங்கிய வெஸ்ட் ஹாம் சங்கமும் 1955இல் கதவை அடைத்தது.

இந்நிலையில், 1960இல் சிலர் துணிந்து ‘மாகாண லீக்’ என்னும் புதிய போட்டியைத் தொடங்கினர. பெரிய நட்சத்திரங்கள் இல்லை. பெரிய செலவும் இல்லை. மூடிக் கிடந்த களங்களிலே மீண்டும் எஞ்சின் ஒலி கேட்டது. ஆண்டுக்கு ஆண்டு தம்பி வளர, அண்ணனாகிய தேசிய லீக் மெலிந்துகொண்டே வந்தது. உச்சப் பிரிவாகிய தேசிய லீக்கைத் தாங்க, 1963இல் மாகாண லீக்கை வென்ற வூல்வர்ஹாம்ப்டன் சங்கத்தை மேலே வருமாறு கட்டுப்பாட்டுச் சபை பணித்தது. மாகாண லீக்கினர் இணங்கவில்லை. வலுவான சங்கத்தை இழந்தால் தம் வீடு சரியும் என்று அவர்கள் அஞ்சினர். இதன் பயனாக, 1964ஆம் ஆண்டு முழுவதும் அவர்கள் சபையின் அனுமதியின்றியே பந்தயங்களை நடத்தினர்.

அண்ணனும் தம்பியும் வழக்காடினால் வீட்டுப் பிள்ளைகளே பட்டினி கிடப்பர் என்பது நாம் அறிந்த உண்மை. இங்கும் அதுவே நிகழ்ந்தது. சபையின் அனுமதியற்ற களங்களில் ஓடிய வீரர்களுக்கு உலகச் சம்பியன் போட்டியின் வாசல் மூடப்பட்டது. நியூகாசில் சங்கத்துக்காக அக்காலத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் நியூசிலாந்து வீரர் ஐவன் மோகர். கிறைஸ்ட்சேர்ச் நகரிலிருந்து கடல் கடந்து வந்து, பிழைப்பையும் பெயரையும் தேடிய இளைஞர். 1964இல் நியூகாசில் மாகாண லீக்கை வென்றது. ஆயினும் அவர் உலகப் போட்டியின் முதற்படியிற்கூடக் கால் வைத்தல் இயலாதிருந்தது. வீரனுடைய ஓடும் காலம் குறுகியது. நிருவாகிகள் இழந்த ஆண்டை மறு ஆண்டில் ஈடுசெய்யலாம்; வீரன் இழந்த ஆண்டை யார் திருப்பிக் கொடுப்பார்?

நல்வினையாக, பிணக்கு நீளவில்லை. மோட்டார் விளையாட்டுக்களுக்குப் பொறுப்பான அரச மோட்டார் கழகம் விசாரணையொன்றை ஏற்படுத்தியது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஷோகிறொஸ் பிரபு. நூரம்பேர்க் நீதிமன்றிலே நாஸித் தலைவர்களுக்கு எதிராகப் பிரித்தானியாவின் சார்பில் வழக்கு நடத்தியவர் அவரே. அத்தகைய பேரறிஞர் மண்பாதைப் பந்தயத்தின் சச்சரவைத் தீர்க்க அமர்ந்தார் என்பதிலிருந்தே அதன் கடுமையை ஊகிக்கலாம். முடிவில் இரு தரப்பும் ஒன்றாயின. 1965இல் ‘பிரித்தானிய லீக்’ பிறந்தது. களங்களை நடத்துவோருக்கும் ஒரே சங்கம் அமைந்தது.

1964இல் தேசிய லீக்கில் இருந்தவை ஏழு சங்கங்கள். மாகாண லீக்கில் பன்னிரண்டு. நொரிச், மிடில்ஸ்பரோ ஆகிய இரண்டும் விடைபெற, ஹாலிபாக்ஸ் புதிதாகச் சேர, மொத்தம் 18 சங்கங்கள் ஒரே உச்சப் பிரிவில் நின்றன. ஸ்கொட்லாந்தின் எடின்பரோவும் கிளாஸ்கோவும், வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட்டும் அவற்றுள் அடங்கும். ஒவ்வொரு சங்கமும் ஏனைய பதினேழையும் தன் களத்தில் ஒருமுறையும், எதிரியின் களத்தில் ஒருமுறையும் சந்திக்க வேண்டும். கணக்கில் விருப்பமுள்ள மாணவர்கள் பெருக்கிப் பார்க்கலாம்: ஒரு சங்கத்துக்கு 34 போட்டிகள், லீக் முழுவதற்கும் 306.

ஒரு போட்டியிலே பதின்மூன்று ஓட்டங்கள். ஒவ்வோர் ஓட்டத்திலும் சங்கத்துக்கு இருவராக நால்வர். முதலிடத்துக்கு 3 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1, கடைசி வருவோனுக்கு ஒன்றுமில்லை. இந்த எளிய கணக்கிலே ஒரு நுட்பம் உண்டு. ஒருவன் மின்னலெனப் பாய்ந்து முதலாவதாக வந்தாலும், அவனுடைய துணைவன் கடைசியாக வந்தால் அவர்கள் பெறுவது மூன்றே புள்ளி. பின்னே வந்த எதிரிகள் இருவரும் பெறுவதும் மூன்று. ஆகவே அறிவுள்ள வீரன் முன்னே பறந்துவிடாமல், துணைவனை அருகில் வைத்துக்கொண்டு, எதிரி நுழையும் வழியை அடைத்தபடி ஓடுவான். இருவரும் முதலிரு இடங்களைப் பிடித்தால் ஐந்துக்கு ஒன்று. தனியொருவனின் புகழைக் காட்டிலும் இருவரின் இணக்கம் பெரிது என்பதை இப்பந்தயத்தின் கணக்கே போதிக்கின்றது. சங்கங்களை நடத்தியோர் இதனைக் கற்கச் சில ஆண்டுகள் பிடித்தன என்பதுதான் வேடிக்கை.

அவ்வாண்டு வாகை சூடியது வெஸ்ட் ஹாம். ஒன்பது ஆண்டுகள் மூடிக் கிடந்து 1964இலேயே மீண்டும் திறக்கப்பட்ட சங்கம் அது. ஸ்கொட்லாந்து வீரர் கென் மக்கின்லே அணித்தலைவர். அவருடன் நோர்வே நாட்டின் ஸ்வெரே ஹார்பெல்ட், நோர்மன் ஹன்ரர், இளைஞர் மல்கம் சிமன்ஸ் ஆகியோர் ஓடினர். லீக் வெற்றியோடு நில்லாது, நொக்கவுட் கிண்ணத்தையும் இலண்டன் கிண்ணத்தையும் அவர்கள் அதே ஆண்டில் கைப்பற்றினர். மூடிய கதவைத் திறந்து இரண்டாம் ஆண்டிலே மும்முடி சூடுதல் எளிதான செயலன்று.

தனிப்பட்ட வீரர்களுக்குள்ளே, சுவிண்டன் சங்கத்தின் பரி பிரிக்ஸ், லீக்கின் சிறந்த வீரர்களுக்காக மான்செஸ்டரின் பெல் வூ களத்தில் நடத்தப்பட்ட போட்டியில் வென்றார். அன்றுமுதல் 1970 வரை ஆறு ஆண்டுகளும் அப்பட்டத்தை அவர் எவர்க்கும் விடவில்லை. உலகச் சம்பியன் பட்டமோ வெம்பிளியில் நடந்த இறுதிப் போட்டியில் சுவீடன் வீரர் பியோர்ன் நட்சனுக்குக் கிடைத்தது. சோவியத் நாட்டின் இகோர் பிளெக்கானொவ் இரண்டாம் இடத்தைப் பெற்றார்.

இணைப்பினால் நேர்ந்த நன்மை என்ன என்று கேட்கலாம். மாகாண லீக் வீரர் பெரியோருடன் ஓடத் தகுதியற்றவர் என்று ஏளனம் செய்தோர் இருந்தனர். மிடில்ஸ்பரோவின் இடத்தில் வந்து சேர்ந்த ஹாலிபாக்ஸ், 1966இலேயே லீக்கை வென்று அவர்களுக்கு விடையளித்தது. வாசலில் நிறுத்தப்பட்ட ஐவன் மோகர் 1968இல் உலகச் சம்பியனானார். 1969, 1970 ஆண்டுகளிலும் வென்றார். 1979க்குள் ஆறு முறை அப்பட்டத்தைப் பெற்றார். அடைத்த கதவு அடைத்தபடியே இருந்திருப்பின், உலகம் இந்த வீரனை எப்போது அறிந்திருக்குமோ!

ஆனால் ஒற்றுமையும் விதியின் கையைத் தடுத்துவிடாது. 1970ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், வெஸ்ட் ஹாம் குழுவினரை ஏற்றிவந்த சிறிய பஸ் வண்டி பெல்ஜியத்தின் லொக்கரென் நகரருகே விபத்துக்குள்ளாயிற்று. மேலாளர் பில் பிஷப்பும் வீரர்கள் பலரும் மாண்டனர். பிறேக்கில்லாத வண்டிகளில் நாளும் உயிரைப் பணயம் வைத்தவர்களை, ஒரு சாதாரண வீதிப் பயணம் கொண்டுபோயிற்று. 1972இல் அவர்களுடைய களமும் மூடப்பட்டது. அங்கே வீடுகள் எழுந்தன.

அவ்வீடுகளின் தெருக்களிலே ஹொஸ்கின்ஸ், அற்கின்சன் என்னும் பழைய ஸ்பீட்வேப் பெயர்கள் பலகைகளில் இடம்பெற்றன. சபையில் வாதாடியோர் எவருடைய பெயரும் ஜனங்களின் நாவில் இல்லை. மண்பாதையோடு வாழ்ந்தவர்களின் பெயரே மண்ணோடு தங்கிற்று. நம்மிடையே சங்கம் நடத்துவோரும், நடத்தப்போகும் மாணவரும் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக.