குர்பானிப் பங்கும் கிரிக்கெட் ஏலமும்

 

2025ஆம் ஆண்டின் ஐபிஎல் இறுதிப் போட்டி ஜூன் 3 அன்று நிறைவடைந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7 அன்று வந்தது. இடைப்பட்ட நாட்களில் பாபநாசம் வட்டாரத்து மஹல்லா ஒன்றில் நடந்ததைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். மஹல்லாவின் பெயர் வேண்டாம். ஐயம்பேட்டையிலிருந்து கும்பகோணம் வரை எந்த ஊரிலும் இது நடந்திருக்கலாம்.

பத்து இளைஞர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு அமைத்தார்கள். ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டார்கள். ஐபிஎல் அணிகள் வீரர்களை ஏலம் எடுப்பது போலவே, கற்பனைத் தொகையைக் கொண்டு ஆளுக்குப் 18 வீரர்களை ஏலத்தில் எடுத்தார்கள். அதன்பின் எவரும் அணியை மாற்றக் கூடாது. ஒவ்வொரு வாரமும் அந்தப் பதினெட்டுப் பேரில் அதிகப் புள்ளி பெற்ற பதினொருவரின் கணக்கு மட்டும் தானாகச் சேரும். இறுதியில் முதலிடத்திற்கு 7,000, இரண்டாமிடத்திற்கு 3,000. முதலிடம் பெற்றவர் சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவர். பெற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு அந்த மஹல்லாவின் கூட்டுக் குர்பானியில் ஒரு பங்கு எடுத்தார். பணம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. நிர்வாகத்தினர் சிரித்துக்கொண்டே வாழ்த்துச் சொல்லி ரசீது போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தச் சிரிப்பைக் குறித்துத்தான் என் வழக்கு.

தம்பியை அழைத்து விசாரித்தேன். அவர் சற்றும் தயங்காமல், "ஹஜ்ரத், இது சூதாட்டம் இல்லை, முழுக்க முழுக்கத் திறமை" என்றார். அணி அமைப்பதன் நுணுக்கத்தை ஒரு மணி நேரம் விளக்கினார். நேர்மையாகச் சொல்கிறேன், நான் வியந்தேன். பெயர் பெற்ற மட்டையாளர்களுக்கே பணத்தை எல்லாம் கொட்டிவிட்டால் பந்துவீச்சாளர்கள் கிடைக்க மாட்டார்கள். ஒரே ஒரு விக்கெட் கீப்பரை வைத்திருந்தால் அவர் காயம்பட்ட வாரத்தில் அந்த இடம் வெறுமையாகிவிடும். மோசமான நாள் கணக்கில் சேராது என்பதால், நிதானமாக முப்பது ஓட்டம் எடுப்பவரைவிட ஒரு நாள் பூஜ்யமும் மறுநாள் தொண்ணூறும் எடுப்பவரே இவ்வகை ஆட்டத்தில் இலாபம். ஆடும் பதினொருவரில் நான்கு வெளிநாட்டவருக்கே இடம் என்பதால் வெளியே அமரக்கூடிய வெளிநாட்டு வீரரை விலை கொடுத்து வாங்குவது வீண். இறுதி ஓவர் வீசுபவர்களுக்கு விக்கெட் அதிகம் விழும். இத்தனையையும் எண்ணிக் கணக்கிட்டிருக்கிறார். ஃபராயிள் கணக்கை இவர் இதே ஊக்கத்தோடு கற்றிருந்தால் இன்று வட்டாரத்திற்கே பாகப்பிரிவினை செய்து கொடுப்பார் என்று மனத்திற்குள் நினைத்துக்கொண்டேன்.

திறமை இருக்கிறது. அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் திறமை இருப்பதால் அது சூதாட்டம் ஆகாது என்று இவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? மார்க்கம் அன்று, நீதிமன்றத் தீர்ப்புகள். 1996இல் உச்ச நீதிமன்றம் சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில் அது திறமை சார்ந்த ஆட்டம் என்றது. 2017இல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் ட்ரீம் லெவன் ஆட்டத்தையும் அவ்வாறே கூறியது. அவ்வளவுதான், ஊரெங்கும் அதுவே ஃபத்வாவாகிவிட்டது!

ஃபிக்ஹு நூல்களில் கேள்வியே வேறு. பந்தயப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதே அங்கு முதற்கேள்வி. அம்பெய்வதைவிடத் திறமை வேண்டிய கலை எது? நபி (ஸல்) அவர்கள் அம்பு, குதிரை, ஒட்டகம் ஆகியவற்றில் பரிசை அனுமதித்தார்கள். அந்த அம்பெய்தலிலும்கூட இரு தரப்பினரும் பணம் வைத்து, வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வதை இமாம்கள் தடுத்தார்கள். ஆட்சியாளரோ மூன்றாமவரோ பரிசு தரலாம். இருவரில் ஒருவர் மட்டும் வைக்கலாம். இருவரும் வைப்பதானால், எதையும் வைக்காத ஒருவர் சமமான போட்டியாளராக இடையில் நுழைய வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபிலும் ஹனஃபி மத்ஹபிலும் காணப்படும் சட்டம். தானே வில்லைப் பிடித்து எய்கிறவனுக்கே இந்தக் கட்டுப்பாடு. எங்கோ ஒரு மைதானத்தில் எவரோ அடிக்கும் அடிக்குப் பாபநாசத்தில் அமர்ந்து ஆளுக்கு ஆயிரம் வைப்பவருக்கு?

"அபூபக்ர் (ரலி) அவர்களே ரோமர்கள் வெல்வார்கள் என்று பந்தயம் கட்டினார்களே!" என்றும் கேட்டார். இணையத்தில் இதை எடுத்து வைத்துக்கொண்டு பலர் கேட்கிறார்கள். திர்மிதியில் வரும் அதே அறிவிப்பிலேயே, அது பந்தயம் தடை செய்யப்படுவதற்கு முன் நடந்தது என்று இருக்கிறது. பாதியை மட்டும் படித்துவிட்டு வருவது ஆதாரமாகாது.

அடுத்து நம் பகுதிக்கே உரிய கேள்வி ஒன்றையும் வைத்தார். "அத்தா செய்யும் விவசாயமும் சூதாட்டம்தானே? 2024இல் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை, ஜூலை 28இல்தான் திறந்தார்கள். நகையை அடகு வைத்துக் குறுவை போட்டவர் என்ன ஆனார்?" நியாயமான வலியிலிருந்து வரும் கேள்வி. ஆயினும் கேள், தம்பி. உன் அத்தா நட்டமடைந்தால் அந்தப் பணம் பக்கத்து வயல்காரரின் மடியில் போய் விழுவதில்லை. அவர் வென்றால் ஒன்பது பேர் தோற்க வேண்டியதில்லை. அத்தனை பேர் வயலிலும் ஒரே பருவத்தில் நெல் விளையலாம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்தைக் காட்டிக் காத்திருக்க வைத்தாலும், கடைசியில் அங்கே ஒரு மூட்டை நெல் இருக்கிறது. உங்கள் குழுவில் பத்தாயிரம் உள்ளே போனது, பத்தாயிரம் வெளியே வந்தது. இடையில் ஒரு மணி அரிசியும் விளையவில்லை.

சூரத்துல் மாயிதாவின் 90, 91ஆம் வசனங்களில், மதுவோடு சேர்த்து மைஸிரும் ஷைத்தானின் செயல் என்றும், அதன் மூலம் பகைமையை உண்டாக்கி இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்க அவன் விரும்புகிறான் என்றும் அல்லாஹ் எச்சரிக்கிறான். இரண்டுமே அந்தக் குழுவில் நடந்தன. மே மாதம் எல்லைப் பதற்றத்தால் போட்டிகள் நின்று மீண்டும் தொடங்கியபோது சில வெளிநாட்டு வீரர்கள் திரும்பவில்லை. டெல்லி அணியின் ஸ்டார்க் அவர்களில் ஒருவர். அவரை ஏலத்தில் எடுத்திருந்தவர் மாற்று வீரர் கேட்டார். விதியில் இல்லை என்று மற்றவர்கள் மறுத்தார்கள். ஒரே தெருவில் வளர்ந்த இருவர் இன்றுவரை ஸலாம் சொல்லிக்கொள்வதில்லை. தொழுகையைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஐபிஎல் ரமளானில்தான் தொடங்கியது. 2025இல் மார்ச் 22, பிந்திய பத்து தொடங்கும் வேளை. தராவீஹில் பின் வரிசைகளில் சட்டைப் பைக்குள் ஒளிர்ந்த திரைகளை நாம் எல்லோரும் பார்த்தோம்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை, திறமையா வாய்ப்பா என்று பாராமல், தடை செய்து சட்டம் இயற்றியது. ட்ரீம் லெவனும் கட்டணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டது. உடனே நம்மவர்களில் சிலர், 'ஹஜ்ரத், இப்போதுதான் ஹராமாகிவிட்டதே' என்கிறார்கள். அதற்கு முன்பு என்னவாக இருந்தது? அந்தச் செயலியின் பெயர் இந்திய அணியின் சட்டையில் மின்னிய காலத்தில் நம் மிம்பர்களிலிருந்து எத்தனை ஜும்ஆ பயான் கேட்டீர்கள்? என்னையும் சேர்த்தே கேட்கிறேன். வட்டியைப் பற்றி ஆண்டுதோறும் பேசினேன். இதைப் பற்றி ஒருமுறையும் பேசவில்லை. கட்டணச் செயலி நின்றாலும், கூகுள் பே வழியாக ஒரு நண்பரிடம் பணம் சேர்ந்து புள்ளிக்கணக்கை மட்டும் இலவசச் செயலியில் பார்ப்பது நிற்கவில்லை.

இனி நிர்வாகத்தாரிடம் வருகிறேன். மைஸிர் என்பது என்ன என்று தெரியுமா உங்களுக்கு? அறியாமைக் காலத்து அரபிகள் ஓர் ஒட்டகத்தை அறுத்து, பத்து அம்புகளைக் குலுக்கி எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு, மூன்று வெறுமை. வெறும் அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்கள் அந்த இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்கிப் பெருமை பேசுவார்கள் என்று தஃப்ஸீர்களில் வருகிறது. ஏழைகளின் வயிறு நிரம்பியது உண்மைதான். சூரத்துல் பகராவின் 219ஆம் வசனம் அதில் சில பயன்கள் உண்டு என்பதை மறைக்கவுமில்லை. தீங்கே பெரிது என்றது. அதன்பின் மாயிதாவில் முற்றிலும் தடை வந்தது. சூதில் வென்று, பிராணியை அறுத்து, ஏழைகளுக்குப் பங்கிட்ட அந்தச் செயலை 1,400 ஆண்டுகளுக்குப் பின் தஞ்சை மாவட்டத்தில் ஹஜ்ஜுப் பெருநாளன்று, ரசீதோடு, நாம் மீண்டும் செய்திருக்கிறோம்.

அந்த மாட்டில் மீதமுள்ள ஆறு பங்குதாரர்களை நினைத்தீர்களா? ஏழு பேரில் ஒருவர் வெறும் இறைச்சிக்காகச் சேர்ந்தாலே எவருடைய குர்பானியும் நிறைவேறாது என்பது ஹனஃபி சட்டம். அந்த ஆறு பேரில் ஒருவர் ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேமித்துப் பங்கு எடுத்த கைம்பெண். தன் பங்கோடு எந்தப் பணம் கலந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

தம்பி இப்போது மீதித் தொகையைத் தோற்றவர்களிடம் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். நான்கு பேர் வாங்கிக்கொண்டார்கள். மூவர், 'ஆட்டம் ஆட்டம்தான்' என்று மறுத்துவிட்டார்கள். குர்பானிக்குக் கொடுத்த தொகையையும் தன் சொந்தச் சம்பளத்திலிருந்து ஈடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். நிர்வாகத்தினருக்கு நான் கடிதம் எழுதி ஐந்து வாரங்கள் ஆகின்றன. அடுத்த ஐபிஎல் ஏலத்திற்கு முன் பதில் வருமென்று எதிர்பார்க்கிறேன்.