ஏஜென்ட்டும் எங்க ஊரு நீர்பாய்ச்சியும்

க்ளஸ்டர்ல கண்காணிப்பு ஏஜென்ட் போடுறது இப்போ ரொம்ப ஈசி. ஹெல்ம்ல ஒரே ஒரு வரி. எண்டர் தட்டிட்டு டீ குடிச்சுட்டு வந்தா டேஷ்போர்டு பச்சைப் பசேல்னு நிக்கும். ஆனா அந்த ஒரு வரியில எதையெல்லாம் எழுதிக் கொடுத்தோம்னு எத்தனை பேரு படிச்சுப் பாக்குறோம்? வெளியுலகத்துக்குக் கதவை அடைச்சுட்டுத் தனியா கட்டின ப்ரைவேட் க்ளஸ்டர்ல அந்த வரிய அப்படியே ஓட்டுறது தப்புங்கிறது என் கட்சி.

எங்க அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பாத்த பூமி. பெய்யுற கொஞ்ச மழையும் கண்மாயிலதான் நிக்கணும். கண்மாயில எவ்வளவு தண்ணி கிடக்குன்னு பாக்குறதும், முறை வச்சு மடையத் திறந்து விடுறதும் நீர்பாய்ச்சி வேலை. கூலி, அறுவடையில நெல்லு. மடை அவரு பொறுப்பு, சரி. அதுக்காக ஊர்க்காரன் வீட்டுக் குதிருக்குள்ள எட்டிப் பாக்க அவருக்கு உரிமை உண்டா? தண்ணி அளக்க வீட்டுச் சாவி எதுக்குங்க?

நம்ம ஏஜென்ட் கேக்குறது பல நேரம் வீட்டுச் சாவியத்தான். டீமன்செட்டா போட்டா நோடுக்கு ஒண்ணுன்னு போய் உக்காந்துக்கும். லாக் படிக்கணும்னு நோடோட டிஸ்க்க மவுண்ட் பண்ணச் சொல்லும். சிலது ரூட்டாவே ஓடும். க்ளஸ்டர் ரோலைப் பிரிச்சுப் பாருங்க, சீக்ரெட்டையும் லிஸ்ட் பண்ண அனுமதி இருக்கலாம். 'லிஸ்ட் தானே, பேரு மட்டும்தானே தெரியும்'னு நினைச்சா போச்சு. உள்ளே இருக்கிறதும் சேர்ந்தே வரும். (பேஸ்64ல இருக்கேன்னு ஆறுதல் படுறவங்களுக்கு: அது பூட்டு இல்ல சாமி, வெறும் துணி மூடி.) காசு வாங்குற கம்பெனிய மட்டும் சொல்லல. இலவசமா கிடைக்கிற கியூப்-ஸ்டேட்-மெட்ரிக்ஸோட வழக்கமான ரோல்லயும் இந்த அனுமதி இருக்கு. வேண்டாம்னா எடுத்துடலாம். யாரு எடுக்குறா?

சும்மா பயமுறுத்தல. 2020ல சோலார்விண்ட்ஸ் ஓரியன்னு ஒரு நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள். அதோட அப்டேட்டுலயே திருடன் ஏறி உக்காந்து, 18,000 வாடிக்கையாளர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்தான். அமெரிக்க நிதித்துறையும் தப்பல. 2024 ஜூலை 19ல க்ரவுட்ஸ்ட்ரைக்கோட பாதுகாப்பு ஏஜென்ட்டுக்கு வந்த ஒரு கோளாறான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷினைப் படுக்க வச்சுது. அதுல திருடன்கூட கிடையாது, வெறும் பிழை.

அப்போ ஏஜென்ட்டே வேண்டாமா? வேணும். கண்ணக் கட்டிக்கிட்டு க்ளஸ்டர் ஓட்டுறது அதைவிட மோசம். முதல்ல ஹெல்ம் டெம்ப்ளேட் போட்டு, என்ன இறங்கப் போகுதுன்னு முழுசா படிங்க. இமேஜை நம்ம ரெஜிஸ்ட்ரிக்குக் கொண்டு வந்து டைஜெஸ்ட்டோட பூட்டுங்க. அப்டேட் எப்போங்கிறத நாமதான் சொல்லணும், அவங்க இல்ல. வெளிய போறதுக்கு ப்ராக்ஸி வழியா ஒரே ஒரு முகவரி, மத்ததெல்லாம் அடைப்பு. மெமரிக்கு லிமிட் போட மறந்தா, நோயாளியப் பாக்க வந்தவன் நோயாளி சாப்பாட்டையும் தின்னுடுவான். அனுமதிய ஒண்ணொண்ணா உருவிப் பாருங்க. எதுல நொண்டுதோ அத மட்டும் திருப்பிக் கொடுங்க.

என்னைக் கேட்டா, ப்ரைவேட் க்ளஸ்டருக்கு ப்ரொமீதியஸ் மாதிரி உள்ளூர்க்காரன் போதும். 2012ல சவுண்ட்க்ளவுடுல பொறந்தது. தானே ஒவ்வொரு இடமா போய் அளவெடுத்துக்கிட்டு வரும், டேட்டா நம்ம டிஸ்க்லயே கிடக்கும். பராமரிப்பு நம்ம தலையில விழும், அது நிஜம். டிஸ்க் நிரம்பி ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பும்.

'ப்ரொமீதியஸே செத்துட்டா?'ன்னு கேப்பீங்க. அதுக்குத்தான் வாட்ச்டாக்னு ஒரு அலர்ட். எல்லாம் நல்லா இருக்கிற வரைக்கும் அது கத்திக்கிட்டே இருக்கும். ராத்திரி கூர்க்கா விசில் மாதிரி, சத்தம் நின்னாதான் எந்திரிச்சு உக்காரணும். ஆனா அந்த விசிலைக் கேக்குற காது க்ளஸ்டருக்கு வெளிய இருக்கணும். உள்ள வச்சா ரெண்டும் சேர்ந்தே செத்துடும்.

உங்க ஏஜென்ட்டுக்கு எந்தெந்த அனுமதிய உருவினீங்க, எதுல நொண்டுச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. நானும் ஒரு பட்டியல் வச்சிருக்கேன், ஒப்பிட்டுப் பாக்கலாம் :-)